ஸ்டோர் ரூமில் அடித்த பறை

பறை என்றால் அடித்த அடியில் எதிரே நிற்பவன் நெஞ்சு அதிர வேண்டாமா? இந்தப் பாட்டில் கேட்ட பறை, பக்கத்து மொட்டைமாடியில் யாரோ மெத்தையைத் தட்டித் தூசி எடுப்பதுபோல இருந்தது. தும், தும், தும். அவ்வளவுதான். திங்கட்கிழமையிலிருந்து நிர்மலா அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையும் வந்துவிட்டது, பறை மட்டும் வெளியே வருவேனா என்றது.

நிர்மலா வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கூடம் ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் நேரத்தில் அங்கே யாரும் பாடுவதில்லை. பாடினால் பல்லவிக்கு நடுவே ஹாரன் வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடத்தின் சொந்தக்காரர் நல்லுசாமி நாமக்கல்காரர். வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கி, பாட்டுப் பைத்தியத்தில் இதைத் தொடங்கியவர். ரெக்கார்டிங் பார்ப்பவன் அஸ்வின். மிக்ஸிங் நிர்மலா. தனித்தனியாகப் பதிவான குரல், கீபோர்டு, தாளம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகப் போட்டு, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும் என்று அளவு பார்த்துப் பாட்டாக்கிக் கொடுப்பது அவள் வேலை.

இந்தப் பாட்டு ராயக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றின் மாரியம்மன் திருவிழாவுக்கு. விழாக் கமிட்டித் தலைவர் திம்மப்பன், லே-அவுட் போட்டு மனை விற்பவர். கைப்பேசியில் ஒருவரைக் கன்னடத்தில் அதட்டி வைத்துவிட்டு அடுத்தவரைத் தெலுங்கில் அதட்டுவார், எதிரே இருப்பவரைத் தமிழில் அதட்டுவார். பாட்டின் தொடக்கத்தில் அவருடைய வாழ்த்துரை வேறு இருந்தது. 'பக்தகோடிப் பெருமக்களே' என்று கணீரென்று பேசிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைச் சொல்லி ஊரெல்லாம் பேனர் கட்டியாகிவிட்டது. பறை அடித்தவர்கள் அதே ஊர்க் காலனியைச் சேர்ந்த கங்கப்பனும் அவருடைய ஆட்களும். வருஷா வருஷம் அம்மன் வீதிக்கு வருவதே அவர்கள் பறைக்குப் பின்னால்தான். ஆனால் அவர்களுடைய அடி ஒரு பாட்டில் பதிவானது இதுதான் முதல் முறை.

வெள்ளிக்கிழமை தலைவர் பாட்டைக் கேட்க வருவதாக இருந்தது. அதற்குள் பறை தெளியாவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான் என்று நல்லுசாமி சொல்லிவிட்டார்.

"கம்ப்யூட்டர்லயே நல்ல நல்ல டிரம்ஸ் இருக்குதாமா கண்ணு. அஸ்வின் எடுத்து வெச்சிருக்கறான். அதைப் போட்டுக் குடுத்துரலாம்."

"அப்ப அவங்க அடிச்சது சார்?"

"அவங்களுக்கு என்ன தெரியப் போவுது? பேரைப் போட்டுக்கலாம், விடு."

நிர்மலாவுக்குச் சுருக்கென்றது. அடித்தவனுக்குத் தன் அடி தெரியாதாமா! பெற்றவளிடம் வேறு பிள்ளையைக் கொடுத்துவிட்டு இதுதான் உன் பிள்ளை என்றால் நம்பிவிடுவாளா? ஆனாலும் அப்போது வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒரு நாள் பார்க்கிறேன் சார் என்று மட்டும் சொன்னாள்.

தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒலி அமுங்கிக் கேட்டால் முதலில் அடியில் தேங்கி நிற்கும் கனத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தாள், பறை இளைத்ததே தவிரத் தெளியவில்லை. ட்ரெபிளைக் கூட்டினாள், உஸ்ஸென்று இரைச்சல்தான் கூடியது, கூடவே பாடகியின் குரல் எங்கிருந்தோ கசிந்து வந்தது. ஒவ்வொரு அடியின் முனையையும் கூர்மையாக்கிப் பார்த்தாள். மெத்தையைத் தட்டியவர் இப்போது மெத்தையைக் கோபமாகத் தட்டினார். கீபோர்டைக் கொஞ்சம் ஒதுக்கிப் பறைக்கு வழிவிட்டாள், அதற்கும் மசியவில்லை. இருக்கிற ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். மைக்குக்குள் வராத ஒலியை எங்கே போய் வாங்கிவருவது?

ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு பறையை மட்டும் தனியாகக் கேட்டாள். பறைக்கு இரண்டு குச்சி. கனத்த குச்சி தும் என்னும். மெல்லிய குச்சி சடசடவென்று பேசும். அந்த மெல்லிய குச்சியின் பேச்சு இந்தப் பதிவில் ஓர் இடத்தில்கூட இல்லை. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், இல்லாவிட்டால் அவளுக்குத் தெரியாதா? பறையைப் பதிவு செய்த அன்று சித்தப்பா மகள் நிச்சயதார்த்தம் என்று அவள் லீவு போட்டிருந்தாள். அஸ்வினைக் கேட்டால், "நான் கரெக்டாத்தான் எடுத்தேன், தோல் சரியில்ல போல," என்று உதட்டைப் பிதுக்கினான்.

தோல் சரியில்லை என்றால் ஒரே ஒரு காரணம்தான் அவளுக்குத் தோன்றியது. பறையை அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டிக் காய்ச்ச வேண்டும். காய்ந்தால்தான் தோல் இறுகும், இறுகினால்தான் கணீரென்று பேசும். ஏசி ஓடும் ரெக்கார்டிங் ஹாலில் கொஞ்ச நேரத்திலேயே தொய்ந்து போயிருக்கும், மறுபடி காய்ச்ச இங்கே யார் விட்டிருப்பார்கள்? அதுதான், வேறென்ன, என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். அங்கேதான் தப்புச் செய்தாள்.

கங்கப்பனுக்கு சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. உள்ளே கைப்பேசிக்கு அனுமதியில்லை. டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்தால்தான் பேசலாம். அந்த நேரம் பார்த்து நிர்மலா கூப்பிட்டாள்.

"அண்ணா, ஸ்டூடியோவுல இருந்து நிர்மலா பேசறேன். தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு அடிக்கறதுக்கு முன்னாடி பறைய நல்லாக் காய்ச்சினீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஏம்மா, சோறாக்கறவளப் பாத்து, அரிசியக் கழுவனியான்னு கேப்பியா?" கங்கப்பனின் குரல் ஏறியது. "பச்சத் தோலோட வந்து உக்கார நான் என்னா வெளையாடவா வந்தன்? உங்க பில்டிங் பின்னால, சாக்கட ஓரமா, பேப்பரக் கொளுத்திக் காய்ச்சனம். ஒவ்வொரு வாட்டியும் எறங்கி எறங்கிப் போயி காய்ச்சனம். என்னப் பாத்து இதக் கேக்கறியே, நாயமா இருக்குதா?"

"இல்லண்ணா, சத்தம் ரொம்ப அமுங்கி இருக்குது. மெல்லிசுக் குச்சி கேக்கவே இல்ல. அதனாலதான்..."

"எப்பிடிக் கேக்கும்? கதவச் சாத்திப்புட்டுக் கேக்கல கேக்கலன்னா?"

"எந்தக் கதவுண்ணா?"

"உனுக்குத் தெரியாதா? நீ அங்க வேல செய்யறவதான?" கங்கப்பன் நம்பாமல்தான் கேட்டார். அவள் நிஜமாகவே தெரியாது என்றதும் பெருமூச்சு விட்டார். "ஸ்டோர் ரூம் கதவும்மா. ஹால்ல அம்மன் படம் மாட்டியிருக்குது, அங்க தோலெல்லாம் எடுத்துக்கினு வரக்கூடாதுன்னு தலைவரு சொல்லிட்டாரு. உங்க சாரு பக்கத்துலதான் நின்னாரு, சரிங்கன்னுட்டாரு. அட்டப்பொட்டி, ஒடஞ்ச ஃபேனு, அதுங்க நடுவுல எங்கள உட்டாங்க. சரி, ஒழியட்டும், மைக்கயாச்சும் உள்ள வைப்பாங்கன்னு பாத்தன். அந்தத் தம்பி எடுத்துக்கினு வந்தாரு. தலைவரு என்னா சொன்னாரு தெரியுமா? 'அது நாளைக்கு நான் வாய்கிட்ட வெச்சுப் பேசற மைக்கு, அத அங்க கொண்டுபோகாத'ன்னாரு. மைக்கு கதவுக்கு அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். எங்க காதுக்குப் பாட்டே வரல. எங்காளு ஒருத்தரு கதவு மேல காத வெச்சிக் கேட்டுக் கேட்டுக் கையக் காட்டனாரு, அதப் பாத்து அடிச்சன். இப்ப நீ ஃபோன் போட்டு, தோலு காய்ச்சினியான்னு கேக்கற."

"அப்பவே எந்திரிச்சு வந்திருக்கலாமேண்ணா," என்றாள் நிர்மலா.

"வந்திருக்கலாம். நம்ம அடி பாட்டுல வருது, புள்ளைங்க கேக்குங்கன்னு ஒரு ஆச. அந்த ஆசைக்குத்தான் செருப்படி வாங்கனம்." உள்ளே மணி அடித்தது. கங்கப்பன் சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டார்.

அவள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். காதெல்லாம் சுட்டது. அம்மன் தேர் நகர வேண்டுமென்றால் முன்னால் இவர்கள் அடிக்க வேண்டும்; அடிக்காவிட்டால் தேர் அங்கேயே நிற்கும். ஆனால் ஆணியில் தொங்கும் காலண்டர் அம்மனுக்கு முன்னால் அடித்தால் ஆகாதாம். தெருவில் வரும் சாமிக்கு ஆகிற தோல் சுவரில் தொங்கும் சாமிக்கு ஆகாமல் போய்விடுமா? எந்த ஊர் நியாயம் இது? அந்தக் கேடுகெட்ட காரியத்தைச் செய்துவைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் சரிசெய் என்று அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவளும் நாள் கணக்கில் திருகிக்கொண்டிருக்கிறாள்!

எழுந்து போய் அஸ்வின் முன்னால் நின்றாள். அவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"பறைய ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சா எடுத்தே?"

அஸ்வின் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். "கஸ்டமர் அப்படித்தான் வேணும்னாங்க. சாரும் தலையாட்டிட்டாரு. நான் என்ன பண்ண?"

"தோல் சரியில்லன்னு சொன்னியே, அது யாரு சொல்லச் சொன்னது?"

"நிர்மலா, நான் லெவல் மட்டும்தான் பார்த்தேன். மத்த விஷயமெல்லாம் நமக்கெதுக்கு?"

"உனக்கெதுக்குதான். கதவை இழுத்துச் சாத்தினது மட்டும் உன் கை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பையன்தான். அவளுக்கு ஜுரம் வந்தால் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறவன். அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பாள்.

ஹாலுக்குப் போய் ஸ்டோர் ரூமைத் திறந்து பார்த்தாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஆட்கள் உட்கார்ந்து நசுங்கிய இடம் இன்னும் தெரிந்தது. ப்ளைவுட் கதவு, சத்தம் வரக்கூடாது என்று அதன் மேல் தடித்த ஸ்பாஞ்ச் வேறு ஒட்டியிருந்தார்கள். உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டாள். மூச்சு முட்டியது. இங்கே உட்கார்ந்துதான் அவர்கள் அம்மன் பாட்டுக்கு அடித்திருக்கிறார்கள்.

அந்த இருட்டில் நிற்கும்போது நல்லுசாமியின் மனைவி ஜெயமணி ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தம்மா தட்டில் இட்லி வைத்துக்கொண்டே, "எந்தப் பக்கம் கண்ணு உங்க ஊரு? யாரு வூடு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று தெரியாதவர்கள் உண்டா? நிர்மலா, "ராயக்கோட்டைப் பக்கங்க," என்று அதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. நம்ம வீட்டுப் பொண்ணு என்று நல்லுசாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கங்கப்பனை உட்கார வைத்த இந்த அறைக்கும் அந்த இட்லித் தட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவள் இத்தனை நாள் யோசித்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கங்கப்பன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவர் மனைவி மாரம்மா எடுத்தாள். மறுபடி ஒரு தடவை வந்து அடித்துக் கொடுக்க முடியுமா, ஹாலுக்குள்ளேயே உட்கார வைக்கிறேன் என்று நிர்மலா கெஞ்சினாள். "காய்ச்சினியான்னு நான் கேட்டதுக்கு அண்ணனை மன்னிச்சுக்கச் சொல்லுங்கக்கா," என்றும் சொன்னாள்.

"உம்மேல ஒண்ணும் கோவமில்ல. வேல முடிஞ்சி வந்ததுல இருந்து பேசாதயே உக்காந்திருக்கறாரு," என்றாள் மாரம்மா. "ஆனா நீ கூப்ட்டு வர மாட்டாங்க. அந்த ரூமுக்குள்ள போகச் சொன்னவங்க வாயாலயே கூப்டச் சொல்லு. உங்க சாரு கூப்டட்டும், அப்பறம் பாக்கலாம்."

நியாயம்தான் என்று நிர்மலாவுக்குப் பட்டது. ஆனால் நல்லுசாமியை எப்படிக் கூப்பிட வைப்பது? போய்ச் சொன்னால், வியாபாரம் கண்ணு, அனுசரிச்சுப் போகணும் என்று கையை விரிப்பார். யோசித்துக்கொண்டே எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். பாட்டின் தொடக்கத்தில் திம்மப்பனின் வாழ்த்துரை பளிச்சென்று நின்றுகொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை திம்மப்பன் வெள்ளை வேட்டி சட்டையில், சென்ட் வாசனையோடு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் நல்லுசாமி. பின்னால் அஸ்வின் சுவரோடு சுவராக நின்றான். நிர்மலா பாட்டை ஓட விட்டாள்.

"பக்தகோடிப் பெருமக்களே" வந்தது. கிணற்றுக்குள் விழுந்தவர் கூப்பிடுவதுபோல வந்தது.

திம்மப்பன் முதலில் காதைத் தேய்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "ஏம்மா, என்னா இது? வாயில துணியக் கட்டிக்கிட்டுப் பேசற மாதிரி இருக்குது? நான் பேசினப்ப கணீர்னு இருந்துச்சே!"

"அப்படிங்களா? ட்ரெபிளைக் கூட்டிப் பார்க்கலாங்க," என்று நிர்மலா பணிவாகச் சொல்லி, கூட்டினாள்.

"இப்ப சளி புடிச்ச மாதிரி இருக்குது!"

கனத்தைக் குறைத்தாள். தலைவரின் குரல் மெலிந்து கொசுபோல ஆனது. அவர் நாற்காலியின் கையைத் தட்டினார். "நல்லுசாமி, என்னய்யா இது? ஊரெல்லாம் பேனர் வெச்சிருக்கறேன், இதைப் போட்டா எவன் மதிப்பான்? மைக் கெட்டுப் போச்சா?"

"மைக் அதேதாங்க," என்றாள் நிர்மலா. "நீங்க வாய்கிட்ட வெச்சுப் பேசினீங்களே, அதே மைக்குதான். உங்க பேச்சை ஸ்பீக்கர்ல போட்டு, ஸ்பீக்கரை ஸ்டோர் ரூம்ல வெச்சு, கதவைச் சாத்தி, கதவுக்கு இந்தப் பக்கம் மைக்கை வெச்சு எடுத்தேன். அன்னிக்குப் பறைய எடுத்தாங்களே, அதே மாதிரி. அதைச் சரி பண்ணுன்னு என்கிட்டச் சொன்னாங்க. எப்படிச் சரி பண்றதுன்னு எனக்கும் தெரியல, நீங்களே சொல்லுங்க."

"நிர்மலா!" என்றார் நல்லுசாமி.

திம்மப்பனின் முகம் கறுத்தது. "பழசு இருக்கும்ல? மரியாதையா அதைப் போடு."

"பத்திரமா இருக்குதுங்க. பறை தெளிவா வர்ற அன்னிக்கு உங்க பேச்சும் தெளிவா வரும். அது வரைக்கும் ரெண்டும் இப்படியேதான் கேக்கும்."

"யாரும்மா நீ, எனக்கு நாயம் சொல்ல?"

"கேட்டீங்களே, அதுக்கே சந்தோஷங்க. நானும் ராயக்கோட்டைப் பக்கத்துக் காலனிதான். எங்க பெரியப்பாவும் பறை அடிக்கறவருதான்." நிர்மலா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவருக்கு நேராகப் பேசினாள். "பறை பக்கத்துல போகக்கூடாதுன்னு சொன்னீங்களே, அந்த மைக்கைத் தினமும் எடுத்து மாட்டறது நான். அதுக்கு முன்னாடி இருக்கற வலைத்துணியக் கழுவிக் காயப்போடறது நான். நீங்க பேச வந்த அன்னிக்கு உங்க வாய்க்கு நேரா ஏத்தி இறக்கி வெச்சுக் குடுத்ததும் இந்தக் கைதான். நல்லாருக்கும்மான்னு சொன்னீங்க."

திம்மப்பனின் வலது கை தானாக எழுந்து உதட்டைத் துடைத்தது. துடைத்த பிறகுதான், எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று அவருக்கு உறைத்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

"பெங்களூர்ல ஸ்டூடியோ இல்லாமலா போச்சு?" என்று எழுந்தார். "நல்லுசாமி, இந்தப் பொண்ணை வெச்சுக்கிட்டு நீங்க பொழப்பு நடத்தின மாதிரிதான்." படியிறங்கும் வரை தெலுங்கில் யாரையோ அதட்டிக்கொண்டே போனார்.

நிர்மலா தன் ஹெட்ஃபோனைச் சுருட்டிப் பையில் போட்டாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். சார்ஜரை எடுத்தாள்.

"எங்க கெளம்பற?" என்றார் நல்லுசாமி.

"நீங்க அனுப்பறதுக்கு முன்னாடி நானே போயிடறேன் சார்."

"இத்தனை நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல கண்ணு."

"எதைச் சார் சொல்லணும்?" அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைப் பத்திச் சொல்லியிருந்தா அவங்களை ஹால்ல உக்கார வெச்சிருப்பீங்களா, இல்ல என்னையும் ஸ்டோர் ரூமுக்கு அனுப்பியிருப்பீங்களா? நம்ம வீட்டுப் பொண்ணு, நம்ம வீட்டுப் பொண்ணும்பீங்களே. நான் எந்த ரூம்ல உக்காரணும்னு இப்பச் சொல்லுங்க. அவரு அந்தத் தோலை உள்ள விடாதன்னப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல சார்?"

நல்லுசாமி நெற்றியைத் தடவினார். அவர் கண் முன்னால் உதட்டைத் துடைத்த அந்தக் கைதான் நின்றது. தன் கூடத்தில், தன் நாற்காலியில் உட்கார்ந்து, தன் வீட்டுப் பெண் என்று அவர் சொல்கிறவளின் கை மைக்கில் பட்டது என்பதற்காக ஒருவன் வாயைத் துடைத்துக்கொண்டு போகிறான். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

"கஸ்டமர் மனசு கோணக்கூடாதுன்னு நெனச்சேன்," என்றார் மெதுவாக. "அந்தக் கங்கப்பன் நம்பரைச் சொல்லு."

அவள் சொன்னாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்டூடியோ நல்லுசாமி பேசறனுங்க."

"சொல்லுங்க," என்றார் கங்கப்பன்.

"அன்னிக்கு நடந்தது பெரிய தப்புங்க. நான் பக்கத்துலயே நின்னுட்டு வாயை மூடிட்டு இருந்தேன். நீங்க மறுபடி வந்து அடிச்சுக் குடுக்கணும். ஹால்லதானுங்க."

"எங்க காய்ச்சறது? மறுபடி சாக்கட ஓரமாவா?"

"மொட்டமாடியில நெருப்புப் போட்டுத் தர்றனுங்க."

"நீங்க போடறீங்களா?"

"நானே போடறனுங்க."

"சரி, ஞாயித்துக்கெழம வர்றம்," என்று வைத்தார்.

நிர்மலா பையிலிருந்து ஹெட்ஃபோனை வெளியே எடுத்தாள்.

பெங்களூர்க்காரர்கள் திருவிழாவுக்குள் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள் போலிருக்கிறது. மறுநாளே திம்மப்பன் நல்லுசாமிக்கு ஃபோன் போட்டார். தன் பேச்சைப் பழையபடி போட்டுப் பாட்டை அனுப்பச் சொன்னார். நல்லுசாமி, "ரெண்டும் ஒண்ணாத்தானுங்க வரும். ஞாயித்துக்கிழமை ஹால்ல ரெக்கார்டிங் இருக்குது, வந்து கேட்டு வாங்கிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு முதல் தடவையாக, அவர் வைப்பதற்கு முன்னால் தானே ஃபோனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நல்லுசாமி மொட்டைமாடியில் நெருப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து போனார். கங்கப்பனும் ஆட்களும் பறையைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு முன்படி வழியாக ஹாலுக்கு வந்தார்கள். ஜெயமணி எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள்; நிர்மலாவிடம் கொடுக்கும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நிர்மலாவும் அதைப் பார்க்காத மாதிரி வாங்கிக்கொண்டாள். எல்லாமும் ஒரே நாளில் சரியாகிவிடுமா என்ன?

கங்கப்பன் ஸ்டோர் ரூம் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அம்மன் படத்துக்கு நேராக நின்றுகொண்டார். ஆளுக்கொரு ஹெட்ஃபோன் மாட்டினான் அஸ்வின். அந்த மைக்கை நிர்மலாவே கொண்டுவந்து பறைக்கு நேராக வைத்தாள்.

"உன்னத்தான் தோலு காய்ச்சினியான்னு கேட்டவன்னு எங்காளுங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கறன்," என்றார் கங்கப்பன்.

"ஐயோ, விடுங்கண்ணா," என்று சிரித்துவிட்டு அவள் மிக்ஸிங் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து உட்கார்ந்தாள்.

அடித்தார்கள். கனத்த குச்சி விழுந்ததும் மேஜையில் இருந்த டீ கிளாஸ் அதிர்ந்தது. மெல்லிய குச்சி சடசடவென்று, நறுக்கு நறுக்கென்று, ஒவ்வொரு சொல்லும் தனியாகப் பேசியது. அஸ்வின் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். கனத்தைக் குறைக்க வேண்டியதில்லை, ட்ரெபிளைக் கூட்ட வேண்டியதில்லை. நிர்மலா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பாதிப் பாட்டில்தான் அவள் பார்த்தாள். ஹால் கதவில் இருந்த சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை தெரிந்தது. திம்மப்பன் மாடிப்படி முகப்பில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. சாத்திய கதவின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கங்கப்பனும் பார்த்துவிட்டார். அந்த அடியை முடித்துக் குச்சியைத் தாழ்த்தினார். மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து பேசினார். குரல் நிர்மலாவின் ஸ்பீக்கரில் பளிச்சென்று வந்தது.

"அவர உள்ள வரச் சொல்லும்மா. வெளிய நின்னா சரியாக் கேக்காது."

அஸ்வின் போய்க் கதவைத் திறந்தான்.